பேர் சென்னை, ஊர் கோயம்புத்தூர்

இருபது அத்தியாயம் கொண்ட தொடர்கதை ஒன்று 2018ஆம் வருஷம் அக்டோபர் 26ந் தேதி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆரம்பமாயிற்று. 2019 மார்ச் 9ந் தேதி மாலை அதே மைதானத்தில் முடிந்தது. அந்தக் கதையின் பெயர் சென்னை சிட்டி எஃப்.ஸி. ஐ-லீக் என்கிற அகில இந்தியக் கால்பந்துப் போட்டியைத் தமிழ்நாட்டு அணி ஒன்று ஜெயித்தது அதுதான் முதல் தடவை. (சென்னையின் எஃப்.ஸி. என்று இன்னோர் அணி உண்டு. அது ஆடுவது ஐ.எஸ்.எல். என்ற வேறு போட்டி. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு என்னோடு அரைமணி நேரம் வாதாடியவர்கள் இருக்கிறார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. பெயர் வைத்தவர்கள் மேல்தான் தப்பு.)

நாவல் எழுதுகிறவனுக்கு இதில் என்ன ஜோலி என்று கேட்கலாம். எனக்கு என்னவோ, விளையாட்டுகளில் லீக் என்கிற ஏற்பாடு நாவலுக்கு மிகவும் நெருங்கிய உறவு என்று தோன்றுகிறது. தோற்றவன் வீட்டுக்குப் போகிற நாக்-அவுட் பந்தயம் சிறுகதை மாதிரி. ஒரு சாயங்காலம், ஒரு திருப்பம், முடிந்தது. லீக் அப்படியல்ல. பதினோரு அணிகள், ஒவ்வொன்றும் மற்றப் பத்து அணிகளோடும் தன் ஊரில் ஒரு முறை, அவர்கள் ஊரில் ஒரு முறை ஆடவேண்டும். ஐந்து மாதம். இடையில் ஒருவனுக்குக் கால் சுளுக்கும். ஒருவனுக்கு வீட்டு ஞாபகம் வரும். ஒரு நாள் ஒன்றுமே பலிக்காது. நேற்று செய்த பிசகுக்கு நாளை வட்டி கட்டவேண்டும். வாழ்க்கை நடக்கிற விதமும் ஏறக்குறைய இதுதானே? ஆகையால் ஒரு நாவலை எடை போடுகிற தராசிலேயே இந்த ஸீஸனையும் போட்டுப் பார்ப்பது தப்பில்லை என்று நினைக்கிறேன்.

கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. 1946ல் நுங்கம்பாக்கத்தில் பிறந்த பழைய கிளப் இது. பெயர் மாறி, 2016-17ல் ஐ-லீகுக்குள் வந்து, பத்து அணிகளில் எட்டாவதாக முடித்தது. மறு வருஷம் சென்னையை விட்டுக் கோயம்புத்தூருக்குக் குடி பெயர்ந்தது. அந்த வருஷமும் எட்டாவது. குடிபெயர்ந்த குடும்பத்துக்குப் புது ஊரில் என்ன மரியாதை கிடைக்குமோ அந்த மரியாதைதான் அதற்கும் கிடைத்தது. வாடகைக்கு இருப்பவர்கள்; எப்போது காலி செய்வார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருந்த நல்ல ஆட்டக்காரரான மைக்கேல் சூசைராஜும் 2018ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்.

இந்த நிலையில் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் என்ற கோச் வந்தார். ஸ்பெயினிலிருந்து பெத்ரோ மான்ஸி, நெஸ்டர் கோர்டில்லோ, ஸான்ட்ரோ, எஸ்லாவா ஆகியோர் வந்தார்கள். அவர்களைச் சுற்றி எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் என்று நம் பிள்ளைகள். முதல் ஆட்டத்தில் இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என்று தோற்கடித்தார்கள். மான்ஸி மூன்று கோல். ஆனால் ஆரோஸ் என்பது இருபது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துச் சம்மேளனம் நடத்திய அணி. பிள்ளைகளை ஜெயித்ததற்கு நான் கைதட்டத் தயாராக இல்லை. கல்கத்தாவுக்குப் போய்க் கிழக்கு வங்காள அணியை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று ஜெயித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அணியின் நடை என்னவென்று பார்க்க வேண்டும். இருபது ஆட்டத்தில் 48 கோல் போட்டது. 28 கோல் வாங்கிற்று. இந்த இரண்டு எண்களிலும் இந்தக் கதையின் நடை முழுவதும் இருக்கிறது. வாசல் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு விருந்து நடத்துகிற வீடு அது. பந்தை உயரத் தூக்கி அடித்து அதிர்ஷ்டத்தை நம்பும் வழக்கம் அவர்களிடம் இல்லை. கோல்கீப்பரிடமிருந்தே தரையோடு தரையாக, சின்னச் சின்னப் பாஸ்களாக, பந்து ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கோர்டில்லோ பந்தை வாங்கும்போது முதுகு எதிரியின் பக்கம் இருக்கும். திரும்பும்போது எதிரி அங்கே இருக்கமாட்டான். மான்ஸி நிறைய ஓடமாட்டார். ஓடவேண்டிய இடத்தில் மட்டும் ஓடுவார். ஸீஸன் முழுவதும் 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாஸாவோடு சேர்ந்து லீகிலேயே முதல் இடம். நல்ல எழுத்தாளனும் அப்படித்தான். எல்லா வரியிலும் ஓடினால் எந்த வரியிலும் கோல் விழாது.

குறை சொல்லவேண்டுமானால் அந்த 28ஐச் சொல்லலாம். முன்னால் போவதில் இருந்த ரசனை, பின்னால் காப்பதில் இல்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது ஆட்டத்தை நிதானப்படுத்தத் தெரியாத வாலிபம் அது. மூன்று ஆட்டத்தில்தான் தோற்றார்கள் என்றாலும், சீட்டு நுனியில் உட்காரவைத்த ஆட்டங்கள் அதைவிட எத்தனையோ அதிகம். இதைப் பிழை என்று விமர்சகர் சொல்லுவார். வாசகன் இதற்காகத்தான் அடுத்த இதழை வாங்குகிறான்.

கிளைக்கதை ஒன்றைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் ஸ்ரீநகரிலிருந்து ரியல் காஷ்மீர் என்ற அணி முதல்முறையாக வந்து, பனியிலும் குளிரிலும் ஆடி, மூன்றாம் இடத்தைப் பிடித்தது. 2019 பிப்ரவரியில் புல்வாமா சம்பவத்துக்குப் பிறகு மினர்வா பஞ்சாப் அணி ஸ்ரீநகருக்குப் போகாமலே நின்றுவிட்டது. ஆடாமல் போன அந்த ஓர் ஆட்டம், ஆடிய ஆட்டங்கள் பலவற்றைவிட என் மனத்தில் நிற்கிறது. காலி மைதானத்தில் உடுப்புப் போட்டுக்கொண்டு காத்திருந்த பதினோரு பேரை வைத்து ஒரு தனி நாவலே எழுதலாம். நான் எழுதப்போவதில்லை. காஷ்மீரத்துக் குளிர் தெரிந்தவர் எழுதட்டும்.

கடைசி அத்தியாயத்துக்கு வருவோம். சென்னை சிட்டிக்கு 40 புள்ளி. கிழக்கு வங்காளத்துக்கு 39. இங்கே கோயம்புத்தூரில் மினர்வாவோடு ஆட்டம். அங்கே கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு கிழக்கு வங்காளத்தின் ஆட்டம். இரண்டும் ஒரே நேரத்தில். கிழக்கு வங்காளம் சாமானியப்பட்ட கிளப் அல்ல. நூறு வருஷப் பாரம்பரியம். தேசப் பிரிவினையின்போது பத்மா நதிக்கு அப்பாலிருந்து வந்த அகதிகளெல்லாம் தங்கள் ஊராக நினைத்துக் கட்டிக்கொண்ட அணி. 2003-04க்குப் பிறகு தேசிய லீகை ஜெயிக்காமல் பதினைந்து வருஷமாகக் காத்திருந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் கதை அவர்களுக்குத்தான் பழம் தரவேண்டும். பழக்கப்பட்ட நாவலாசிரியன் எவனும் அப்படித்தான் முடித்திருப்பான்.

கோயம்புத்தூரில் மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. முதல் பாதி முழுவதும் நம் ஆட்கள் தட்டித் தட்டிப் பார்த்தும் கதவு திறக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். சமன் போதாது, ஜெயிக்க வேண்டும். அங்கே கோழிக்கோட்டில் கோகுலம் முதலில் கோல் போட்டிருந்தது. பின்னர் கிழக்கு வங்காளம் இரண்டு போட்டு ஜெயித்துவிட்டது. ஆக இங்கே டிரா ஆகியிருந்தால் கோப்பை கல்கத்தாவுக்குப் போயிருக்கும்.

இந்த இடத்தில் கதாநாயகன் வந்து காப்பாற்றுவான் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்போம். வந்தது கதாநாயகன் அல்ல. கௌரவ் போரா என்று அஸ்ஸாம்காரப் பையன். பின்வரிசையில் நின்று தடுக்கிற ஆள். ஸீஸன் முழுவதும் யாரும் அவர் பெயரைச் சொல்லிக் கூவியதாக எனக்கு ஞாபகமில்லை. அவர் முன்னால் போய் ஒரு கோல் போட்டார். ஆட்டம் முடிகிற தறுவாயில் இன்னொன்றும் போட்டார். 3-1. சென்னை சிட்டிக்கு 43, கிழக்கு வங்காளத்துக்கு 42.

தொடர்கதையில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். “பத்தொன்பது அத்தியாயம் வரை வாசலில் நின்றவன் இருபதாவதில் எப்படி ஐயா நடுக்கூடத்துக்கு வந்தான்?” என்று கேட்பார். கேட்கட்டும். தடுப்பதே தொழிலாக உள்ளவன்தான் பந்து எந்த இடைவெளியில் நுழையும் என்பதை நன்றாக அறிந்தவன். அவன் ஒரு நாள் எதிர்ப்பக்கம் போனால், அந்த அறிவை எடுத்துக்கொண்டுதானே போவான்? அந்த முடிவு தற்செயல் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

இவ்வளவு நல்ல கதையைத் தமிழில் எப்படிப் பதிவு செய்திருக்கிறோம் என்று பார்த்தால்தான் மனத்தாங்கல் உண்டாகிறது. நம் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்துக்கென்று ஒரு சொல்மூட்டை இருக்கிறது. அபாரம், அசத்தல், மிரட்டல், ருத்ர தாண்டவம். எந்த ஆட்டத்துக்கும் இந்த நாலு பொட்டலத்தில் ஒன்றைப் பிரித்துத் தூவிவிடலாம். பந்து யார் காலிலிருந்து யார் காலுக்கு வந்தது, தடுப்பவன் எந்தப் பக்கம் சாய்ந்தான், காலரியில் இருந்தவர்கள் எந்த நொடியில் எழுந்தார்கள் — இவற்றைச் சொல்லத் தமிழுக்கு வலுவில்லையா? ஜல்லிக்கட்டைச் சி.சு. செல்லப்பா ‘வாடிவாசலி’ல் எழுதியபோது மாட்டின் கழுத்து அசைவு வரை தமிழுக்குள் வந்ததே! கால்பந்துக்கு அப்படி ஒருவர் வரவில்லை. அந்த ஸீஸனைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் புத்தகம் என் கண்ணில் படவில்லை.

அடுத்தது, இடம். எந்த நாவலையும் அதன் மண்ணைக் கொண்டு பார்க்காமல் இருக்க முடியாது. இந்தக் கதையின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது.

அவிநாசியிலிருந்து காந்திபுரம் பஸ் பிடித்து, வ.உ.சி. பூங்கா ஓரமாக நடந்து ஸ்டேடியத்துக்குப் போன நாட்களில் என்னோடு சிலசமயம் கூட வந்தவர் எங்கள் தெருக்காரர் ஒருவர். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆட்டத்தைவிட ஆட்டக்காரர்கள் போட்டிருந்த உடுப்பைத்தான் அவர் அதிகம் பார்ப்பார். தோள்பட்டையில் தையல் எங்கே வருகிறது, அக்குளில் வலைத்துணி வைத்திருக்கிறானா இல்லையா என்று.

“ஏனுங்கய்யா, இது நம்ம டீமுங்களா?” என்று ஒரு நாள் இடைவேளையில் கேட்டார்.

“ஏன் தம்பி, சந்தேகம்?”

“இல்லீங்க... பேரு சென்னைங்க. ஆடறது கோயமுத்தூருங்க. கோலுப் போடறவரு ஸ்பெயினுங்க. சொல்லிக் குடுக்கறவரு சிங்கப்பூருங்க. இதுல நம்முளுது எதுங்க?”

“நீங்கள் வந்து உட்கார்ந்திருக்கிறீர்களே, அது.”

“அட போங்க, ஞாயித்துக்கெழமைன்னா எங்காச்சும் உக்காரத்தானுங்க வேணும்” என்று சிரித்தார்.

சிரித்துவிட்டாரே தவிர, அவர் கேட்ட கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியதல்ல. திருப்பூர் வட்டாரத்தில் உலகத்துக்கெல்லாம் உடுப்புத் தைக்கிறோம். எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ போட்டுக்கொண்டு விளையாடுகிற பனியன்களை வெட்டி, ஓவர்லாக் அடித்து, செக்கிங் பார்த்து, பெட்டி கட்டி அனுப்புகிறோம். உடுப்பு நம்முடையது, ஆட்டம் யாருடையதோ. நாற்பது கிலோமீட்டரில் ஓர் ஆட்டம் வந்து இறங்கியபோது, அதை நம்முடையதாக ஆக்கிக்கொள்ள நமக்குத் தெரியவில்லை. அதற்குப் பெயர் மட்டும் காரணமல்ல. கோயம்புத்தூர் ஸ்டேடியத்தில் காலரிக்கும் புல்தரைக்கும் நடுவே ஓட்டப் பாதை போகிறது. ஆட்டக்காரனின் முகம் தெரியாது. முகம் தெரியாதவன் மேல் எப்படிப் பாசம் வரும்?

அமெரிக்காவில் ஃபுட்பால் என்று ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். பெயரில்தான் கால் இருக்கிறது. பந்தைக் கையால் எறிந்து, தோளால் முட்டி ஆடுவது. அங்கே கிரீன் பே என்று ஒரு சிறு நகரம். காகித ஆலைகள் உள்ள ஊர். ஜனத்தொகை லட்சத்தைச் சுற்றி. அந்த ஊர் அணிக்குப் பாக்கர்ஸ் என்று பெயர். 1919ல் இறைச்சியை டப்பாவில் அடைக்கிற கம்பெனி ஒன்று உடுப்பு வாங்க 500 டாலர் கொடுத்ததால் வந்த பெயர் அது. ஆம், உடுப்புக்குத்தான்! அணி நொடித்துப்போகும் நிலை வந்தபோது 1923ல் ஊரார் பங்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். இன்றைக்குப் பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கும் மேல். லாபத்தில் சல்லிக்காசு பங்கு கிடையாது. பங்கை விற்று லாபம் பார்க்கவும் முடியாது. சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் வைத்துச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த அணியை அந்த ஊரிலிருந்து யாராலும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

தூக்கிக்கொண்டு போன கதையும் அதே தேசத்தில் இருக்கிறது. பால்டிமோர் நகரத்துக் கோல்ட்ஸ் அணியை அதன் முதலாளி 1984 மார்ச் மாதத்தில் ஓர் இரவோடு இரவாக லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டு போய்விட்டார். காலையில் ஊர் விழித்தபோது அணி இல்லை. அணிக்கென்று ஒரு பாண்டு வாத்தியக்காரர் கூட்டம் இருந்தது. அவர்களுடைய உடுப்புகள் அன்றைக்குச் சலவைக்குப் போயிருந்தபடியால் லாரியில் ஏறவில்லை. அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, அணி இல்லாத ஊரில், 1996ல் வேறோர் அணி வருகிற வரைக்கும் அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்களாம். இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சென்னை சிட்டி போனபோது நம்மூரில் யார் என்ன வாசித்தார்கள்?

ஜெயித்த அணி கலைந்த வேகத்தைப் பார்த்தால் கல்யாணப் பந்தல் பிரித்த மாதிரி இருக்கிறது. கோர்டில்லோ ஹைதராபாதுக்குப் போனார். ரொமாரியோ கோவாவுக்கு. போரா ஒடிஷாவுக்கு. மான்ஸி ஜப்பானுக்கு. சுவிட்ஸர்லாந்தின் பாஸல் கிளப் வந்து 26 சதவீதம் பங்கு வாங்கிற்று. நல்ல காலம் பிறந்தது என்றார்கள். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்கள் போட்டியின் தகுதி ஆட்டம் வந்தது. பஹ்ரைனிலிருந்து அல்-ரிஃபா அணி. அந்த ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமோ? ஆமதாபாத்தில்! பேர் சென்னை, ஊர் கோயம்புத்தூர், சொந்த மைதானம் குஜராத். ஒரு கோலில் தோற்றார்கள். பிறகு கொரோனா வந்தது. 2019-20 லீக் பாதியில் நின்றது. 2020-21 லீக் முழுவதையும் வங்காளத்திலேயே நடத்தினார்கள். அதற்கு அடுத்த ஐ-லீகில் சென்னை சிட்டி இல்லை. ஜெயித்து மூன்று வருஷத்துக்குள் ஐ-லீக் பட்டியலிலிருந்து பெயரே போய்விட்டது.

எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பெருமையே ஒரு குழந்தையால் வந்தது. குளத்து முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடித் திரும்ப அழைத்தார் என்பது புராணம். அந்த வருஷங்களில் அந்தப் பிள்ளை வளரவேண்டிய வளர்த்தியும் வளர்ந்தே வந்தது என்கிறார்கள். இன்னொரு வீட்டில் பூணூல் கல்யாணம் நடக்கும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டதனால்தான் சுந்தரர் நின்று விசாரித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அழுகை கேட்காவிட்டால் அவர் பாட்டுக்கு நடந்து போயிருப்பார்.

எல்லாம் ஆண்கள் கதையாகவே போய்விட்டது. 2019 மே மாதத்தில், கோயம்புத்தூர்க் கோப்பைக்கு இரண்டே மாதம் கழித்து, மதுரை சேது எஃப்.ஸி.யின் பெண்கள் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை ஜெயித்து இந்தியப் பெண்கள் லீகை வாங்கி வந்தார்கள். அதற்கு முந்தின வருஷந்தான் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி முதல்முறையாகத் தேசிய சாம்பியன்ஷிப்பை வென்றிருந்தது. ஆண்கள் ஜெயித்ததற்கே அழ ஆள் இல்லை; பெண்கள் ஜெயித்தது எத்தனை வீட்டுக்குத் தெரிந்திருக்கும்?

இப்போது எங்கள் பக்கத்துப் பெயரில் ஓர் அணி இருக்கிறது. கால்பந்தல்ல, கிரிக்கெட். திருப்பூர் தமிழன்ஸ். சாய் கிஷோர் தலைமையில் 2025 ஜூலை 6ந் தேதி தமிழ்நாடு பிரீமியர் லீகின் இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல் அணியை 118 ரன்னில் தோற்கடித்து முதல்முறையாகக் கோப்பையை வாங்கினார்கள். ஆட்டம் திண்டுக்கல் பக்கத்தில் நத்தத்தில். அந்த வருஷத்து ஆட்டங்கள் கோயம்புத்தூர், சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் என்று நாலு இடத்தில் நடந்தன. திருப்பூரில் ஒன்றுகூட இல்லை. முன்னது ஊர் இருந்து பேர் இல்லாத அணி. இது பேர் இருந்து ஊர் இல்லாத அணி.

கட்டிங் மாஸ்டர் அந்த இறுதி ஆட்டத்துக்குப் போய்வந்தார் என்று கேள்விப்பட்டு, வழியில் கண்டபோது விசாரித்தேன்.

“என்ன தம்பி, அதிலே நம்முடையது எது?”

“பேருங்க” என்றார். “பனியன்ல முன்னாடி பெருசா அடிச்சிருக்கறானுங்க. பிரிண்டிங் கொஞ்சம் மேல ஏறிப்போச்சு. நம்ம கிட்டக் குடுத்திருந்தா ஒழுங்காப் பண்ணியிருப்பமுங்க.”